முதன்மைத் தொழில்: கதிரைக் கடை

முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷமும் பிரதம லிகிதர். மற்றவர்கள் நிரப்பிக்கொண்டு வரும் படிவங்களில் பிழை பிடிப்பதுதான் என் வேலை, அதில் எனக்கு நல்ல பெயரும் இருந்தது, கெட்ட பெயரும் இருந்தது. ஒரு படிவத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே எந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது என்று என் கண்ணில் பட்டுவிடும். "ஒரு கட்டமும் வெறுமையாய் இருக்கக்கூடாது. பொருந்தாட்டில் பொருந்தாது எண்டு எழுதுங்கோ" என்று ஒரு நாளைக்கு இருபது தரமாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இதை ஆர் நிரப்பினது?" என்று கேட்பேன்.

அந்தக் கேள்விக்கு "நான்தான்" என்று சொன்ன ஒருவரையும் எனக்கு நினைவில்லை. மகன் நிரப்பினது, பக்கத்து வீட்டு மாஸ்டர் நிரப்பினது, வெளியில் மரத்துக்குக் கீழே இருக்கிறவர் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு நிரப்பினது என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டில் யாரும் தங்கள் படிவத்தைத் தாங்களே நிரப்புவதில்லை போலிருக்கிறது என்று நான் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பேன்.

ஓய்வு பெற்று வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது அங்கே ஏற்கனவே ஓர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. என் கணவர் தனியார் கம்பனி ஒன்றில் இருந்து ஐந்து வருஷத்துக்கு முன்பே விலகியவர். அந்த ஐந்து வருஷமும் குசினி அவருடைய கையில். எந்தப் போத்தலில் எந்தத் தூள், எந்த நேரத்தில் எந்தச் சமையல் நிகழ்ச்சி என்பதெல்லாம் அவருடைய சட்டம். நான் வந்த முதல் கிழமையே போத்தல்களுக்கெல்லாம் வெள்ளை லேபல் ஒட்டி, இலக்கம் போட்டு, சாமான் லிஸ்ட் ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு, "இஞ்சேரும், நான் உம்மட கந்தோரில வேலைக்குச் சேரேல்லை" என்றார். மூன்றாம் மாதம் நாங்கள் இருவரும் கறிவேப்பிலையை எங்கே வைப்பது என்று அரை நாள் கதைக்காமல் இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனைக் கதிரைக் கடை வந்தது. கலியாணங்களுக்கும் விழாக்களுக்கும் வருகிறவர்கள் உட்காரக் கதிரை, கூடாரம், பெரிய சட்டி, கோப்பை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற இடம். எங்கள் சொந்தக்காரப் பிள்ளையின் கலியாணத்துக்குப் பதிவு செய்யப் போன நான், அவர்கள் எழுதித் தந்த பதிவுத் துண்டில் மூன்று பிழை கண்டுபிடித்து அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். முதலாளி ஹாஜியார் கோபப்படவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்க கெழமைக்கு மூணு நாள் வந்து இதையெல்லாம் சரி பண்ணித் தாங்களேன்" என்றார். பகிடிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, சம்பளமும் சொன்னார்.

திங்கள், புதன், வெள்ளி. காலி வீதியில் மட்டக்குளி பஸ் பிடித்தால் கடைக்குக் கிட்டப் போய் இறங்கலாம். கடைக்குப் பின்னால் நீளமான ஸ்டோர். ஒரு பக்கம் இந்துக் கலியாணத்து மணவறைத் தூண்கள், அதற்குப் பக்கத்தில் முஸ்லிம் விருந்துகளில் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகள் அடுக்கடுக்காக, மற்றப் பக்கம் கோவில் திருவிழாவுக்கும் மாதா கோயில் திருநாளுக்கும் போகும் வெள்ளைக் கதிரைகள். மூன்று சமயத்தின் நல்ல நாட்களும் ஒரே கூரையின் கீழே தூசி பிடித்துக்கொண்டிருந்தன. போன முதல் மாதத்திலேயே திரும்பி வராத கரண்டிகளுக்கென்று மூன்று பிரதி படிவம் ஒன்றை உண்டாக்கினேன். ஹாஜியார் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார், ஆனால் இரண்டாம் மாதம் கரண்டிகள் திரும்பி வரத் தொடங்கின.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருஷத்தில் என் மேசைக்குச் சிரித்துக்கொண்டு வந்தவர் ஒருவருமில்லை. எல்லோரும் ஏதாவது ஒன்று கிடைக்காமல், அல்லது பிந்தி, அல்லது பறிபோய்த்தான் வந்தார்கள். கதிரைக் கடைக்கு வருகிறவர்களுக்கோ வீட்டில் கலியாணம். பிறந்த பிள்ளைக்கு நாற்பத்தோராம் நாள். தாய்க்கு அறுபதாவது பிறந்தநாள். எத்தனை கதிரை என்று கேட்டால் தங்கள் சொந்தக்காரர் எல்லோரையும் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள், நடுவில் யாருடன் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சொல்வார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து நான் அந்தக் கதைகளைச் சொல்லச் சொல்ல என் கணவர் தேத்தண்ணியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கறிவேப்பிலைச் சண்டை எங்கே போனதென்றே தெரியவில்லை.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். கடைக்கு மாதம் ஒரு முறை கணக்காளர் ஒருவர் வந்து போவார். நான் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு ஒரு நாள் அவர் கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டுமா, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தேவையான விபரங்கள். ஒருவர் இரண்டு இடத்தில் உழைத்தால் எது முதன்மைத் தொழில், எது இரண்டாவது என்று எழுத வேண்டும். மற்ற விபரங்களோடு, எந்தத் திகதி வரை வேலை செய்ய உத்தேசம் என்று கடைசியில் ஒரு கட்டம். மற்றவர்கள் நின்றபடியே நிரப்பிக் கொடுத்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நல்ல பேனையை எடுத்து உட்கார்ந்தேன். முதன்மைத் தொழில்தருநர் என்ற இடத்தில் என் பழைய திணைக்களத்தின் பெயரை முழுதாக, முகவரியோடு எழுதினேன். மாதாமாதம் பென்ஷன் வருகிறதே, அப்படியென்றால் அதுதானே முதல் சம்பளம்? இதுதான் அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். உண்மை அது மட்டுமில்லை. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க முத்திரை குத்திய கை, முதன்மை என்ற இடத்தில் ஒரு கதிரைக் கடையின் பெயரை எழுத மறுத்தது. கடையை இரண்டாவது என்று போட்டேன். கடைசிக் கட்டத்தில் சரியாக ஒரு வருஷம் கழித்து வரும் திகதியை எழுதினேன். பென்ஷன் உத்தரவின் பிரதி ஒன்றையும் யாரும் கேட்காமலே இணைத்தேன். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

அடுத்த சம்பளத்தில் முதல் ரூபாயில் இருந்தே வரி வெட்டியிருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. அரசாங்கம் என்றால் எடுக்கத்தானே செய்யும். ஆனால் என் கணவர் சம்பளச் சீட்டை வாங்கி, பென்சிலும் எடுத்துக்கொண்டார். வரி கழித்தார், பஸ் கழித்தார், மழை நாளில் பிடித்த த்ரீவீலரைக் கழித்தார், கடையில் நான் மற்றவர்களுக்குத் தேத்தண்ணியோடு கடிக்க வாங்கிக் கொடுத்த பட்டிஸைக்கூட விடவில்லை.

"இஞ்சேரும், கணக்கைப் பாத்தனீரோ? உமக்கு இது வேலையில்லை. சமூக சேவை. ஹாஜியாரிட்டச் சொல்லி உமக்கு ஒரு பொன்னாடை போத்தச் சொல்லுவம்."

நான் சிரித்தேன். அடுத்த மாதமும் அதே கணக்கு, அதே பொன்னாடை. மூன்றாம் மாதம் சிரிப்பு வரவில்லை.

கடற்கரைப் பாதையில் காலையில் என்னோடு நடக்கிற ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அம்மா ஒருவர் இருக்கிறார். அவவுக்குத் தெரியாத சட்டம் நாட்டில் இல்லை. "உங்கட பென்ஷனையும் சம்பளத்தையும் கூட்டித்தான் பாப்பினம்" என்றா. "இப்ப சம்பளத்தில வெட்டீனம். கொஞ்ச நாள் போகப் பென்ஷனிலயும் கை வைப்பினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் வேலையை விட்டிட்டு இப்ப நிம்மதியா இருக்கிறார்." அந்த ஆள் யார் என்று கேட்டேன். அவவுக்குச் சரியாக நினைவில்லை.

ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் இருவருடைய மருந்தும், கரண்டும், ஃபிளாட் பராமரிப்புக் காசும் பென்ஷனில்தான் ஓடுகின்றன. நான் சிரித்த முகங்களைப் பார்ப்பதற்காக அதில் கை வைக்க விடலாமா? நாலாம் மாதச் சம்பளச் சீட்டிலும் அதே வெட்டைப் பார்த்த அன்றைக்கு, கணவர் குளிக்கப் போன நேரம், ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன். கந்தோர்த் தமிழில், பொருள் கோடு கீறி, "மேற்படி விடயம் தொடர்பாக" என்று. எழுதி முடித்து வாசித்தபோது அழுகை வந்தது. ஒரு கதிரைக் கடைக்காக அறுபத்து மூன்று வயதில் அழுகிறேனே என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

கொடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. வாய்ப் பேச்சை நம்பி நான் எந்தக் கோவையையும் மூடியதில்லை. வரிக் கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கி, அதற்குப் பிறகு விலகலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. பென்ஷன் தாள்கள், சம்பளச் சீட்டுகள், நிரப்பிய படிவத்தின் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோவையில் கட்டிக்கொண்டு போனேன். இலக்கம் எடுத்து, மர வாங்கில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். கவுண்டருக்கு வெளியே காத்திருக்கிறவர்களின் வாங்கு இவ்வளவு கடினமானது என்று எனக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கவுண்டரில் ஒரு சிங்களப் பெண்மணி, நாற்பது வயது இருக்கும். என் நேர்த்தியான கோவையைப் பார்த்ததும் அவவுடைய முகம் மலர்ந்தது. தொழில்காரிக்குத் தொழில்காரியைத் தெரியும். நான் சிங்களத்தில் கதையைத் தொடங்கினேன். அவ பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து படிவத்தில் நின்றுவிட்டா. முதன்மை என்று எழுதியிருக்கிற திணைக்களத்தில் இப்போதும் வேலை செய்கிறீர்களா என்று கேட்டா.

"இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்."

"அப்படியென்றால் அது எப்படி உங்கள் தொழில்தருநர்?"

"மாதா மாதம் காசு தருகிறார்களே?"

அவ பேனையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னா: "ஆன்ட்டி, பென்ஷன் எக்கட்ட டெக்ஸ் நே." பென்ஷனுக்கு வரியே இல்லை. அரசாங்கத்தில் இருந்து வாங்குகிற பென்ஷன் வரிக் கணக்குக்குள் வருவதே இல்லையாம். கம்பனிகள் கொடுக்கிற பென்ஷன் என்றால் வேறு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். என்னுடையதைக் கூட்டவும் மாட்டார்கள், அதில் கை வைக்கவும் மாட்டார்கள். மிஞ்சுவது கடைச் சம்பளமும் வங்கியில் கிடக்கும் சிறு வைப்பின் வட்டியும்தான். இப்போதைய சட்டப்படி வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம் வரை வரி கிடையாது. என்னுடைய இரண்டையும் சேர்த்தாலும் அந்த எல்லையின் பாதிக்குக்கூடப் போய்ச் சேராது.

"அப்ப ஏன் வெட்டுகிறார்கள்?"

"நீங்கள்தானே வேறோர் இடம் முதல் தொழில் என்று எழுதியிருக்கிறீர்கள். வரியில்லாத அந்தப் பங்கை முதல் இடத்தில்தான் பார்ப்பார்கள். ஆனபடியால் இரண்டாவது இடம் முதல் ரூபாயில் இருந்தே பிடிக்க வேண்டும். கடைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார். படிவம்தான் பிழை."

படிவம்தான் பிழை. முப்பத்து மூன்று வருஷம் நான் சொன்ன வசனம். அவ அத்தோடு விட்டிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி, அதற்கு மேலால் என்னைப் பார்த்து, இதை யார் நிரப்பியது என்று கேட்டா.

"என்ர ஹஸ்பண்ட்" என்றேன்.

யோசிக்கவேயில்லை, வாய் தானாகச் சொன்னது. அவ பரிதாபமாகத் தலையாட்டினா. பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லித் தந்தா. புதுப் படிவம் கொடுத்தால் இனி வெட்ட மாட்டார்கள். வெட்டியதை, வரி வருஷம் முடிந்த பிறகு கடையில் ஒரு சான்றுப் பத்திரம் வாங்கி, வருஷக் கணக்கோடு போட்டுத் திருப்பிக் கேட்கலாம். வங்கி வட்டியில் பிடிப்பதை நிறுத்தவும் என் வயதுக்காரருக்கு வேறொரு படிவம் இருக்கிறதாம். இன்னொரு படிவம்! வெளியே வரும்போது எனக்குப் பாட்டுப் பாடலாம் போல இருந்தது.

பஸ்ஸில்தான் வெட்கம் வந்து ஏறிக்கொண்டது. பென்ஷன் தப்பியது, வேலை தப்பியது, ஆனால் நான் ஒரு படிவத்தைப் பிழையாக நிரப்பிவிட்டேன். அதைவிட மோசம், பழியைப் பாவம் ஒரு மனிதன் தலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த மனிதன் கதவைத் திறந்தபோது நான் செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யையும் சொன்னேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கைப்பையை மேசையில் போட, அதற்குள்ளேயிருந்து மடித்த கடிதம் வெளியே வந்தது. எடுத்து வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதென்னப்பா? விடப்போனனீரோ?"

"நீங்கள்தானே மாதாமாதம் கணக்குப் பாத்தனீங்கள். சமூக சேவை எண்டு."

"ஐயோ விசரி. நான் பகிடிக்குத்தானே சொன்னனான்." குரல் ஒரு மாதிரிப் போனது. "நீர் போய் வந்தால்தானே எனக்குக் கதை. செவ்வாயும் வியாழனும் இந்த வீட்டில என்ன இருக்கு? ஆர் ஆரோட கோபம், ஆருக்கு எத்தினை கதிரை எண்டு கேக்க நான் பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறனான்."

நாற்பது வருஷத்துக்குக் கிட்டச் சேர்ந்து வாழ்ந்தும், அவர் அப்படிக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கும் என் கைப்பையில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கவில்லை. இருவரும் நல்ல கெட்டிக்காரர்கள்தான். அவர் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டார். பிறகு ஒரு தாள் எடுத்து, நான் செய்யாத பிழைக்கு இத்தால் விளக்கம் அளிக்கிறேன் என்று தொடங்கி, வரிக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டினார். பொருள் கோடு கீற மறந்திருந்தார். சொன்னேன். கீறித் தந்தார்.

புதன்கிழமை கடைக்குப் போனதும் கணக்காளரின் மேசை லாச்சியில் இருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். இந்தத் தடவை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முதன்மைத் தொழில்தருநர் என்ற இடத்துக்கு வந்தபோது பேனை கொஞ்சம் தயங்கியது என்பதை மறைக்கவில்லை. பழைய திணைக்களத்துக்கு நான் ஒரு துரோகமும் செய்யவில்லை, அது என்னை விட்டு இரண்டு வருஷமாகிறது, என் கதிரையில் இப்போது வேறொருவர் இருக்கிறார் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு கடையின் பெயரை எழுதினேன், அதே நல்ல எழுத்தில், முழு முகவரியோடு. இரண்டாவது தொழில் என்ற இடத்தில் பொருந்தாது என்று எழுதினேன்.

ஹாஜியாரிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, என் பிழைக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தின் மேல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்மட கட மொதலாவதா ஈக்கி" என்றார்.

"ஓம் ஹாஜியார்."

"அண்டைக்கு அந்தப் படிவத்த நானும் பாத்தேன் மிஸ். ரெண்டாவது எண்டு ஈந்திச்சி. கொஞ்சம் மனசுக்குக் கஷ்டம்தான். பெறகு யோசிச்சேன், பெரிய கந்தோருல ஈந்தவங்க, ரெண்டாவதா எண்டாலும் வந்தாங்களே, அது போதும் எண்டு."

நாலு மாதமாக அந்த மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார். நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது, தாய், தகப்பன், வெட்கத்தோடு ஒரு மகள், மூவர் முகத்திலும் ஒரே சிரிப்பு. நான் பதிவுப் புத்தகத்தை இழுத்தேன்.

"மிஸ்," என்று ஹாஜியார் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "கடைசியில ஒரு கட்டம் வெறுமையா ஈக்கே. எந்தத் திகதி வரைக்கும் வேல செய்றீங்க எண்டு கேட்டீக்கிற எடம். நீங்கதானே செல்லுவீங்க, ஒண்டும் வெறுமையா ஈக்கக்கூடாதெண்டு?"

"தெரியும் ஹாஜியார்" என்றேன். "அது அப்பிடியே இருக்கட்டும்."